சைலன்சர் கேள்வி பதில்: துரு, விரிசல், காதுக்குள் நிற்கும் 'ம்ம்ம்'

காரில் வெளிச்சந்தை சைலன்சர் மாட்டியவர்களும் மாட்டப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பைக் கேள்வி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன், ஒன்றைத் தவிர. ஏன் என்று கீழே தெரியும்.

திருப்பூர்: ஐ20 பெட்ரோலுக்கு இரண்டரை இன்ச் ஃப்ரீ ஃப்ளோ (புகைக்குத் தடை குறைந்த) சைலன்சர் போட்டேன். நின்றால் சத்தம் அருமை. பைபாஸில் 80-90இல் போனால் உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல், தலைவலி வருகிறது.

கடையில் வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிக் காட்டியிருப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எல்லோரும் பணம் கொடுக்கிறார்கள். ஐந்தாவது கியரில், பாரத்தோடு, இரண்டாயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மில் என்ன கேட்கும் என்று யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 80. காருக்குள் இருக்கும் காற்றுக்கும் கூரைத் தகட்டுக்கும் ஏறக்குறைய அந்தப் பக்கத்திலேயே ஓர் அதிர்வெண் உண்டு. இரண்டும் சேரும் இடத்தில் இரைச்சல் எழும்பும். 300 ஆர்பிஎம் கூட்டினாலோ குறைத்தாலோ அடங்கிவிடும், கவனித்துப் பாருங்கள். டிக்கியில் பஞ்சும் டேம்பிங் ஷீட்டும் ஒட்டுவது வீண் செலவு. இவ்வளவு தாழ்ந்த ஒலி அதற்கெல்லாம் அடங்காது.

வழி இரண்டு. நடுவில் ஒரிஜினலாக இருந்த ரெசனேட்டரை, அதாவது இரைச்சலை அடக்கும் சின்ன டப்பாவை, எடுத்துவிட்டு நேர் பைப் போட்டிருப்பார்கள், அதைத் திரும்ப மாட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் பக்கவாட்டில் ஒரு முட்டுப் பைப் வெல்டிங் செய்யலாம். ஒரு முனை மெயின் பைப்பில் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். உள்ளே போன ஒலி மூடிய முனையில் மோதித் திரும்பி வந்து, எதிரே வருகிற ஒலியைக் கொல்லும். நீளம் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு. பின்பக்கச் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு 450 மீட்டர் என்று வைத்தால், 80 ஹெர்ட்ஸுக்கு 1.4 மீட்டர், அதாவது நாலரை அடி. மூடியை முதலிலேயே வெல்டிங் செய்யாமல் கிளாம்பில் நிறுத்தி, ஓட்டிப் பார்த்து முன்னே பின்னே நகர்த்தச் சொல்லுங்கள். கணக்குப் போட்ட அளவு முதல் தடவையே சரியாக உட்காருவது அபூர்வம்.

நாகப்பட்டினம்: 304 ரக எவர்சில்வர் என்று சொல்லி விற்றார்கள். காந்தம் ஒட்டவில்லை. ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பழுப்பாகி, வெல்டிங் ஓரத்தில் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது.

காந்தச் சோதனையை நம்பி ஏமாந்தவர்களில் நீங்களும் ஒருவர். 202 என்ற ரகத்துக்கும் காந்தம் ஒட்டாது. கைப்பிடிக் கம்பிக்கும் மலிவான பாத்திரத்துக்கும் போகிற எவர்சில்வர் அது. 304இல் நிக்கல் குறைந்தது 8 சதவீதம். 202இல் 4 முதல் 6, மீதியை மாங்கனீஸ் வைத்துச் சரிக்கட்டியிருப்பார்கள். சூடும் கடற்கரை உப்பும் சேர்ந்தால் அது தாங்காது. எவர்சில்வர் சோதிக்கும் திரவம் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால், மாங்கனீஸ் மிகுந்த 200 வரிசைக்குச் சிவக்கும். வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் செய்யுங்கள், அவர் முகமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் அசல் 304 கூட மேலே கறை பிடிக்கும். ஆனால் ஒரே மழைக்காலத்தில் இப்படி அரிக்காது.

மதுரை: கம்பெனி சைலன்சரே புதுசு, ஒரே மாதத்தில் பழுப்பு. காந்தமும் ஒட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அது 409 ரக எவர்சில்வர். குரோமியம் 11 சதவீதம்தான், காந்தம் ஒட்டும், மேலே பழுப்பாகும், ஆனால் உள்ளே லேசில் ஓட்டை விழாது. அழகு பார்க்கிற இடமில்லை, விடுங்கள்.

சேலம்: சைலன்சரின் அடியில் சின்ன ஓட்டை, காலையில் தண்ணீர் சொட்டுகிறது. மெக்கானிக் வெல்டிங் செய்து அடைத்துவிடலாம் என்கிறார்.

அடைக்காதீர்கள். அது வேண்டுமென்றே போட்ட ஓட்டை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. நீண்ட தூரம் ஓட்டினால் பைப் சூடாகி அவ்வளவும் பறந்துவிடும். பள்ளிக்கூடம், மார்க்கெட், வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் மட்டும் என்றால் ஆவி குளிர்ந்து சைலன்சரின் வயிற்றில் தேங்கும். புகையில் இருக்கும் அமிலமும் அதில் கரையும். சைலன்சர் உள்ளிருந்து வெளியே அரிப்பது இப்படித்தான். வெளியே பெயின்ட் பளபளக்க, ஒருநாள் அடித்தகடு மட்டும் பெயர்ந்து ரோட்டில் விழும். உள்ளூரில் செய்த சைலன்சரில் இந்த ஓட்டை இல்லையென்றால் மிகத் தாழ்வான இடத்தில் 3 மில்லிமீட்டருக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவை: ஃப்ளெக்ஸ் பைப் (எஞ்சின் ஆட்டத்தை வாங்க நடுவில் இருக்கும் வளையும் வலைப் பைப்) மூன்றாவது தடவை கிழிந்துவிட்டது. நல்ல பிராண்டு சொல்லுங்கள்.

பிராண்டை மாற்றிப் பயனில்லை, எஞ்சின் மவுண்டைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து ஒருவர் பார்க்க, இன்னொருவர் பிரேக்கை அழுத்தியபடி கிளட்சைக் கொஞ்சம் விடட்டும். எஞ்சின் ஒரு பக்கம் எகிறி உட்கார்ந்தால் மவுண்ட் ரப்பர் போய்விட்டது. அந்த ஆட்டம் முழுவதையும் ஃப்ளெக்ஸ்தான் வாங்குகிறது. கிழிந்த வலைமேல் வெல்டிங் வைப்பவரிடம் இனிப் போகாதீர்கள்.

சென்னை: காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்', பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் பைப் தொகுதி) மாற்றிய பிறகுதான்.

எஞ்சினுக்கும் ஹெடருக்கும் நடுவே இருக்கும் மேனிஃபோல்டு கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெடரை போல்ட் போட்டு இறுக்கும் தகடு, ஃபிளேஞ்ச், வளைந்திருக்கிறது. சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்கிறது. குளிர்ந்த எஞ்சினில் இணைப்பைச் சுற்றிக் கருப்புக் கரிக்கோடு தெரியும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும். தள்ளிப் போடாதீர்கள், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகக் கொட்டும்.

திருநெல்வேலி: ஏசி போட்டால் உள்ளே லேசாகப் புகை வாசம்.

ஓட்டுவதை நிறுத்துங்கள், இன்றே. புகை வாசத்தோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது, அதற்கு வாசமே கிடையாது.

திருச்சி: எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். புகை வெளியேறத் தடை இருந்தால் எந்த நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் நஷ்டம்தான்.

ஓசூர்: தவறு. ஆர்எக்ஸ் 100 சைலன்சரை வெட்டியவனிடம் கேளுங்கள், இழுவை இருக்கிறதா என்று.

இதுதான் நான் ஒதுக்காத அந்த ஒரு பைக். அது டூ ஸ்ட்ரோக். புதுக்கலவை உள்ளே வரும்போது வெளியேறும் வாசலும் திறந்தே இருக்கிறது, கொஞ்சம் தப்பித்து பைப்புக்குள் ஓடிவிடும். பைப் பருத்து மறுபடி ஒடுங்குகிற இடத்தில் மோதிய அழுத்த அலை திரும்பி வந்து, வாசல் மூடுவதற்குச் சற்று முன் கலவையை உள்ளே தள்ளுகிறது. வெட்டினால் அந்த அலை போய்விடுகிறது. நேரம் பார்த்து வரும் அலை வேறு, எப்போதும் இருக்கும் தடை வேறு. காரில் வாசலை மூட வால்வு இருக்கிறது.

மறுபடி ஓசூர்: என் கார் 1.2, நாலு ஸ்ட்ரோக்தான். இரண்டரை இன்ச் போட்டதும் கீழ் ஆர்பிஎம் இழுவை செத்துவிட்டது. அதற்கு என்ன பெயர்?

வேகம் போச்சு என்று பெயர். இன்டேக், எக்சாஸ்ட் வால்வுகள் இரண்டும் சற்று நேரம் சேர்ந்து திறந்திருக்கும்போது, வெளியே ஓடுகிற புகையின் வேகம்தான் மிச்சப் புகையை உறிஞ்சி இழுக்கிறது. பைப்பை அகலமாக்கினீர்கள், புகை சோம்பலாக நகர்கிறது, உறிஞ்சல் இல்லை. பைப் அகலமானால் தடை குறையும், வேகமும் குறையும். இரண்டும் ஒன்றாக நடப்பதால் நல்லதைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள். சரியான அகலம் வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன், தடை வேண்டும் என்றால் மாட்டேன்.

கரூர்: அப்படியானால் டர்போ டீசலுக்கு?

டர்போவுக்குப் பிறகு எவ்வளவு தடை குறைவோ அவ்வளவு நல்லது. ஓசூர் நண்பர் இதையும் கவனிக்கவும்.

தர்மபுரி: நீங்கள் இருவரும் முடித்துவிட்டால் என் கேள்வி. எல்லா இடமும் செக் செய்தாயிற்று, அரை மணி ஓடிய பிறகு மட்டும் அடியில் 'டொக் டொக்'.

நல்ல கேள்வி. 304இல் செய்த பைப்பா? அது சாதா இரும்பைவிட அதிகமாக விரியும். 2 மீட்டர் பைப் 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளும், 409 என்றால் 7க்குள். பட்டறையில் குளிர்ந்த நிலையில் அளவெடுத்து ஒட்டியிருப்பார்கள். சூட்டில் நீண்டு, பின்னால் ஆக்சிலையோ ஹீட் ஷீல்டையோ தொடுகிறது. சுட்டபடியே லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள், உரசிய இடம் வெள்ளிபோல் மினுக்கும். ரப்பர் ஹேங்கருக்குப் பதில் இரும்புப் பட்டி வைத்து இறுக்கியிருந்தால் அது இன்னும் மோசம். நகர வழியில்லாத பைப் விரிசல் விடும். வெல்டிங் அப்படியே இருக்கும், அதன் ஓரத்தில் முடிக் கனத்துக்கு ஒரு கோடு ஓடும், கோட்டோரம் கரி படிந்திருக்கும்.

விழுப்புரம்: சைலன்சரில் தண்ணீர் ஒழுகுகிறது…

சேலத்துக்குச் சொன்னதுதான். அடைக்காதீர்கள்.

வேலூர்: ஹைவேயில் 'ம்ம்ம்'…

முதல் பதில்.

பொள்ளாச்சி: பிஎஸ்6 கார். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் சத்தம் ஸ்போர்ட்டியாகுமா?

ஆகும். செக் எஞ்சின் விளக்கும் எரியும், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி, காற்று மாசு வரம்பை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். எடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஈரோடு: வாங்கும்போது சத்தம் அளவாக இருந்தது, வருடம் திரும்புவதற்குள் தகர டப்பா போலாகிவிட்டது.

உள்ளே ஓட்டை போட்ட பைப்பைச் சுற்றி அடைத்திருந்த கண்ணாடி நார் பறந்துவிட்டது. நாருக்கும் பைப்புக்கும் நடுவே எவர்சில்வர் கம்பி நார் ஒரு சுற்று இருந்தால் நீடிக்கும். மூடி போல்ட் வைத்ததாக இருந்தால் திறந்து புதிதாக அடைக்கலாம். சுற்றிலும் வெல்டிங் செய்ததென்றால் வெட்டித்தான் திறக்க வேண்டும். 'பட் பட்' என்று வெடிக்கிற மாதிரி ட்யூன் செய்திருக்கிறீர்களா? அப்படியென்றால் எந்த நாரும் நிற்காது.

ஓசூர்: சரி, விடுங்கள். என் 1.2க்கு எவ்வளவு பைப் போடலாம், அதையாவது சொல்லுங்கள்.

ஒரிஜினல் பைப்பை வெர்னியரில் அளந்து, அதிலிருந்து கால் இன்ச் ஏறுங்கள், போதும். உங்கள் வண்டிக்கு ஒன்றேமுக்கால் சுற்றித்தான் வரும், இரண்டைத் தாண்ட வேண்டாம். வளைவுகளில் உள்பக்கம் நசுங்கியிருந்தால் அகலமாக்கியதற்கு அர்த்தமே இல்லை, மாண்ட்ரல் வளைவு (பைப்புக்குள் தாங்கு வைத்து நசுங்காமல் வளைப்பது) கேளுங்கள். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது பைப்புக்குள்ளும் ஆர்கான் விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கம் சர்க்கரை மாதிரி பொருபொருவென்று வந்து, அங்கேதான் முதலில் உடையும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.