கையெழுத்துப் போட்டால் பொறுப்பு யாருக்கு? செவிலியர் கேள்வி – பதில்

கேள்வி: டாக்டர் எழுதியதைத்தான் கொடுத்தேன். அதில் தவறு இருந்தால் என்னை ஏன் கேட்கிறார்கள்?

எழுதியதற்கு அவர் பதில் சொல்வார், கொடுத்ததற்கு நீங்கள் சொல்ல வேண்டும். ஒருவர் பொறுப்பு இன்னொருவர் பொறுப்பைக் கழித்துவிடாது. இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிஜாக்சின் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து முழு 1 நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்வதே வழக்கம். துடிப்பு 48 என்று எண்ணிய பிறகும் "எழுதியிருக்கிறதே" என்று கொடுத்தால், எண்ணியதற்கே பொருளில்லை.

சந்தேகம் வந்தால் எழுதியவரிடமே கேளுங்கள். "டோஸ் சரிதானா சார்?" என்று மட்டும் கேட்டால் "சரிதான்" என்றுதான் பதில் வரும். "துடிப்பு 48, காலையில் 72 இருந்தது, தலைசுற்றல் என்கிறார், டிஜாக்சினை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஈ.சி.ஜி. எடுக்கட்டுமா?" என்று எண்களோடு சொல்லுங்கள். அப்போதும் "கொடுங்கள்" என்றால் வார்டு பொறுப்புச் செவிலியருக்கும் மூத்த டாக்டருக்கும் கொண்டுபோங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதை கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். யாருக்கும் சொல்லாமல் டோஸைப் பாதியாக்குவதும், கொடுக்காமலே விட்டுவிடுவதும் கூடாது. இரண்டும் உங்கள் அதிகாரத்துக்கு வெளியே.

போனில் வரும் உத்தரவு என்றால் எழுதி, திருப்பி வாசித்து, "ஆம்" கேட்ட பிறகே மருந்தை எடுக்க வேண்டும். பிஃப்டீனும் பிஃப்டியும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்சுலினுக்கு டபுள் செக் கட்டாயம் என்கிறார்கள். பரபரப்பான வார்டில் தோழி "நான் பார்த்துட்டேன், நீ சைன் போடு" என்கிறாள். போடலாமா?

வேண்டாம். நீங்கள் பார்க்காத ஊசிக்கு அந்தக் கையெழுத்து பொய்ச் சாட்சி. டபுள் செக் என்பது இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது. முதல் ஆள் "10 யூனிட்தானே?" என்று காட்டினால் இரண்டாமவர் கண்ணுக்கும் 10-தான் தெரியும். உத்தரவு, மருந்துக் குப்பி, ஏற்றிய சிரிஞ்சு மூன்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டு விடையைச் சொல்லாமல் இருங்கள். அவரே படித்து எண்ணைச் சொல்லட்டும்.

இன்சுலினில் இவ்வளவு கெடுபிடி ஏன்? 1 மி.லி.யில் 100 யூனிட் உள்ள குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10 யூனிட் என்பது வெறும் 0.1 மி.லி. சாதாரண சிரிஞ்சில் 1 மி.லி. ஏற்றிவிட்டால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். யூனிட் அடையாளமுள்ள இன்சுலின் சிரிஞ்சு மட்டும்தான் எடுக்க வேண்டும். எழுதும்போதும் கண்ணி இருக்கிறது: 10-க்குப் பக்கத்தில் யூனிட்டுக்குச் சுருக்கமாக "யு" என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி எழுதினால் அதைப் பூஜ்யமாகப் படித்து 100 என்று எடுத்தவர்கள் உண்டு. "யூனிட்" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். "1.0 மி.கி." வேண்டாம், புள்ளி மங்கினால் 10 ஆகும். ".5" வேண்டாம், "0.5" என்று எழுதுங்கள்.

நோயாளியை அடையாளம் காண்பதும் அப்படித்தான். "நீங்கள்தானே இன்னார்?" என்றால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டுவார். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி, கைப்பட்டையோடு ஒத்துப்பாருங்கள். கட்டில் எண் அடையாளம் ஆகாது, கட்டில் மாறும்.

கேள்வி: டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு குறிப்பை எழுதாமல் விட்டது நினைவுக்கு வந்தது. மறுநாள் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் நடுவில் இடுக்கி அல்ல. "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, எழுதும் தேதி, நேரம், சம்பவம் நடந்த நேரம் இரண்டையும் குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். விட்டுப்போனது மருந்து கொடுத்த பதிவு என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே வார்டுக்குப் போன் செய்யுங்கள்; கொடுக்கவில்லை என்று நினைத்து அடுத்தவர் இன்னொரு டோஸ் கொடுத்துவிடுவார். காகிதத்தில் பிழையைத் திருத்த ஒற்றைக் கோடு போதும், அடியில் இருப்பது தெரிய வேண்டும். வெள்ளை மை கூடவே கூடாது.

கேள்வி: பி.பி., மூச்சு எல்லாம் உதவியாளர்தான் பார்க்கிறார். தவறினால் யார் பொறுப்பு?

பார்க்கும் வேலையை ஒப்படைக்கலாம். பார்த்ததை எடைபோடும் வேலையை ஒப்படைக்க முடியாது. அவருக்கு அது தெரியுமா, நோயாளி நிலையாக இருக்கிறாரா என்று பார்த்தே கொடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் வந்தவரை அவரிடம் விடாதீர்கள். சொல்லும்போது வரம்பையும் சொல்லுங்கள்: "பி.பி.யின் மேல் எண் 100-க்குக் கீழே போனாலோ, மூச்சு 24-ஐத் தாண்டினாலோ எழுதுவதற்கு முன்னால் என்னிடம் வாருங்கள்." நோயாளிக்கு ஏற்ப எண் மாறும், எண் இல்லாத உத்தரவு மட்டும் வேண்டாம். இன்னொன்று: வார்டு முழுக்க எல்லோரும் நிமிடத்துக்கு 20 முறை மூச்சுவிடுவதாகத் தாள் சொன்னால், யாருமே எண்ணவில்லை என்று பொருள். நோயாளி மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சுதான். அதை 1 நிமிடம் எண்ண வேண்டும்.

கேள்வி: தவறான மருந்து கொடுத்துவிட்டோம், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டும். முதலில் நோயாளியைப் பாருங்கள்: துடிப்பு, பி.பி., மூச்சு, நினைவு. பிறகு டாக்டர், பொறுப்புச் செவிலியர். கேஸ் ஷீட்டில் கொடுத்தது என்ன, எப்போது, நோயாளி எப்படி இருந்தார், யாரிடம் சொன்னீர்கள், என்ன செய்தீர்கள் என்பவை மட்டும். காரணமும் மன்னிப்பும் அங்கே வேண்டாம். நோயாளியிடம் என்ன நடந்தது என்பதை டாக்டரோடு சேர்ந்து சொல்லுங்கள். சம்பவ அறிக்கையைத் தனியாக நிரப்புங்கள். அதில் "கவனக்குறைவு" என்று முடித்துவிடாமல், இரண்டு குப்பிகள் ஒரே நிறத்தில் ஒரே தட்டில் இருந்தன என்றால் அதை எழுதுங்கள். தட்டை மாற்ற அதுதான் உதவும்.