அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன்: கேட்டதும் சொன்னதும்

மிச்சிகனில் கார் உதிரிபாகத் துறையில் வேலை பார்க்கிறேன். வட அமெரிக்காவில் ஐரோப்பியக் கார்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஃபோக்ஸ்வேகன் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் எந்தக் கார் கம்பெனியின் சார்பிலும் பேசவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து: சார், உலக அளவில் டொயோட்டாவோடு மல்லுக்கு நிற்கிற கம்பெனி, அமெரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?

2024இல் அமெரிக்காவில் விற்ற வண்டிகள் கிட்டத்தட்ட 1.6 கோடி. அதில் ஃபோக்ஸ்வேகன் பெயரில் விற்றவை சுமார் 3.8 லட்சம். ஆடி, போர்ஷே என்று அதே குழுமத்தின் மற்றக் கார்களையும் கூட்டினாலும் மொத்தக் குழுமத்தின் பங்கு 4 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் 1970இல், சந்தையே இன்றைய அளவுக்குப் பெரிதாக இல்லாத காலத்தில், ஃபோக்ஸ்வேகன் 5.5 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த உயரத்தை அதற்குப் பிறகு ஒருமுறைகூட எட்டவில்லை.

பொறியியல் குறைபாடு என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க்கில் உள்ள தலைமையகம் அமெரிக்கா பற்றி எடுக்கிற முடிவுகள் தாமதமாக வரும், வந்த பிறகும் பாதியில் மாறும். ஓர் உதாரணம் போதும். அமெரிக்கக் குடும்பங்கள் மூன்று வரிசை எஸ்யூவிக்கு மாறிக்கொண்டிருந்தபோது இவர்களிடம் இருந்தது விலை அதிகமான டூவரெக்கும், இங்குள்ளவர்கள் கண்ணுக்குப் பொடியாகத் தெரிந்த முதல் டிகுவானும். 2011இல் டென்னசி மாநிலம் சட்டனூகாவில் புத்தம் புது ஆலை திறந்தார்கள். அதில் முதலில் செய்தது என்ன? பாசாட் செடான்! 2012இல் 4.38 லட்சம் வண்டி விற்றது உண்மைதான். 2018க்குள் 8 லட்சம் என்று இலக்கும் வைத்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே விற்பனை இறங்க ஆரம்பித்தது. 2015இல் டீசல் மோசடி விவகாரம் வெடிப்பதற்கு முன்னாலேயே நடந்தது இது. மூன்று வரிசை அட்லஸ் வந்தது 2017இல்தான்.

மதுரையிலிருந்து: பீட்டில் அவ்வளவு ஓடியதே, அப்புறம் என்ன ஆயிற்று?

1949இல் பென் போன் என்ற டச்சு இறக்குமதியாளர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பீட்டில், அந்த ஆண்டு விற்றது வெறும் 2. அங்கிருந்து எழுந்து வந்ததற்கு மூன்று காரணங்கள்: மலிவு, எளிய எஞ்சின், ஊருக்கு ஊர் உதிரிபாகத்தோடு இருந்த சர்வீஸ் நிலையங்கள். கடைசிக் காரணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அன்று மற்ற ஐரோப்பியக் கார்கள் தோற்றதே பெரும்பாலும் அங்கேதான். டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் 1959 முதல் செய்த விளம்பரங்களும் உதவின, ஆனால் அவற்றுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெயர் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

1971க்குப் பிறகு டாலருக்கு எதிராக ஜெர்மன் நாணயமான மார்க் ஏறிக்கொண்டே போனது. மலிவு என்ற ஒன்றை நம்பி நின்ற காரின் விலை தானாகக் கூடியது. அதே நேரத்தில் டொயோட்டாவும் டாட்சனும் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிற கார்களோடு வந்து இறங்கின. (பீட்டிலில் குளிர்காலம் ஓட்டியவர்களுக்கு இது புரியும்.)

மார்க் பிரச்சினையிலிருந்து தப்பிக்க இங்கேயே கார் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு. கிறைஸ்லர் கட்டி முடிக்காமல் விட்ட ஆலையை வாங்கி, 1978இல் பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லேண்டில் ராபிட் காரைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவில் அதற்குக் கோல்ஃப் என்று பெயர். டெட்ராய்ட் கம்பெனிகளைவிடக் குறைந்த கூலி என்பதால் ஆலை திறந்த ஆண்டே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "காசு இல்லையேல் முயல் இல்லை" என்பது அவர்கள் எழுப்பிய கோஷம். அதைவிடப் பெரிய தவறு காரில் நடந்தது. அமெரிக்கர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து ஸ்பிரிங்கை மெத்தென்று ஆக்கி, உள்ளே பளபளவென்று நிறம் பூசி, கோல்ஃபின் குணத்தையே கெடுத்துவிட்டார்கள். ஜெர்மன் காராகவும் இல்லை, அமெரிக்கக் காராகவும் இல்லை. 1988இல் ஆலையை மூடினார்கள். 1993இல் ஆண்டு விற்பனை 50,000க்கும் கீழே போனது. அமெரிக்காவை விட்டே போய்விடலாமா என்ற பேச்சு அப்போது வந்தது. 1998இல் வந்த நியூ பீட்டில்தான் ஷோரூம்களுக்கு மறுபடி ஆட்களைக் கூட்டிவந்தது.

சிகாகோவிலிருந்து: அண்ணா, என் மாமனார் ஆடி என்றாலே "அது தானா ஓடுற வண்டி" என்கிறார். உண்மையா?

1986இல் ஆடி 5000 தானாகவே வேகமெடுக்கிறது என்று சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி காட்டியது. 1989இல் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்துவிட்டு, பெரும்பாலும் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. அதற்குள் ஆண்டுக்கு 74,000 விற்ற ஆடி, 1991இல் 12,000 அளவுக்கு வந்துவிட்டது. மாமனாரிடம் தீர்ப்பைச் சொல்லுங்கள், நம்புவாரா என்பது வேறு விஷயம்.

சென்னையிலிருந்து: டீசல் மோசடியில் உண்மையில் என்னதான் செய்தார்கள்? இன்னும் அதன் பாதிப்பு இருக்கிறதா?

நைட்ரஜன் ஆக்சைடு புகைக்கு அமெரிக்காவில் வரம்பு ஐரோப்பாவைவிடக் கடுமை. அதைக் கட்டுப்படுத்த யூரியா கரைசல் பீய்ச்சும் கருவி வைக்கலாம், செலவும் இடமும் பிடிக்கும். ஜெட்டா போன்ற சின்ன வண்டிகளில் அதைத் தவிர்த்து, புகையைப் பிடித்துவைத்து அவ்வப்போது எரிக்கிற வடிகட்டி வைத்தார்கள். அது ஒழுங்காக வேலை செய்தால் எரிபொருள் கூடுதலாகப் போகும், வடிகட்டியும் சீக்கிரம் தேயும். அதனால் எஞ்சினின் கணினிக்கு ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்டீயரிங் திரும்பவே இல்லை, ஆனால் சக்கரம் குறிப்பிட்ட வேகங்களில் சுற்றுகிறது என்றால் வண்டி சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் முழுக் கட்டுப்பாடு. ரோட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

பிடித்தது வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக் குழு. புகை அளக்கும் கருவியை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2015 செப்டம்பர் 18 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. சில நிலைகளில் வரம்பைப்போல் 40 மடங்கு வரை புகை. ஐந்தே நாளில் தலைமைச் செயல் அதிகாரி மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. 2016இல் அமெரிக்காவில் செய்துகொண்ட உடன்பாடு மட்டும் 1,470 கோடி டாலர் வரை. திரும்ப வாங்கிய கார்களை நிறுத்த இடமில்லாமல், எங்கள் பக்கம் பான்டியாக்கில் இடிக்கப்படக் காத்திருந்த சில்வர்டோம் மைதானத்தைச் சுற்றி வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

பாதிப்பு? பலர் நினைப்பதுபோல் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போனது முக்கிய இழப்பில்லை. அவர்களுக்கு நஷ்டஈட்டுப் பணம் நன்றாகவே கிடைத்தது. இழந்தது வேறு. அமெரிக்காவில் இவர்கள் விற்றதில் சுமார் ஐந்தில் ஒன்று டீசல். டொயோட்டாவிடம் இல்லாத ஒரே சரக்கு அது. ஹைப்ரிடுக்கு மாற்றாக டீசலைப் பிடித்து நின்றதால், அது போனதும் கையில் ஹைப்ரிடும் இல்லை. இன்று ஹைப்ரிட் கார்கள் இங்கே சக்கைப்போடு போடும்போது இவர்கள் வேடிக்கை பார்ப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

டல்லாஸிலிருந்து: இங்கே எல்லாரும் பிக்கப் வாங்குகிறார்கள். அமராக் என்று ஒரு பிக்கப் இவர்களிடம் இருக்கிறதே, ஏன் கொண்டுவரவில்லை?

கோழிதான் காரணம், விளையாட்டாகச் சொல்லவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுச் சந்தை அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி ஏற்றியது. பதிலுக்கு அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசு 1964 முதல் இறக்குமதி லைட் டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டது. அன்று ஃபோக்ஸ்வேகன் சரக்கு வேன், பிக்கப் விற்பனையை அது முடித்துவைத்தது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, வரி இன்னும் இருக்கிறது.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து: ஐடி பஸ் என்ற மின்சார வேனைப் பார்த்தேன், அவ்வளவு அழகு. ஏன் தெருவில் காணவே இல்லை?

2001இல் டெட்ராய்ட் கண்காட்சியில் தங்கள் பழைய மைக்ரோபஸ் வேனின் புது வடிவ மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். கூட்டம் மொய்த்தது. கடைக்கு வந்தது 2024 கடைசியில். இடையில் என்ன செய்தார்கள் தெரியுமா? கனடாவின் வின்ட்சர் நகரில் கிறைஸ்லர் செய்த மினிவேனில் தங்கள் சின்னத்தை ஒட்டி, ரூட்டான் என்று விற்றார்கள். மைக்ரோபஸ்ஸை உலகுக்குக் கொடுத்த கம்பெனி!

வந்த ஐடி பஸ்ஸுக்கு ஆரம்ப விலையே சுமார் 60,000 டாலர், ஒரு சார்ஜுக்கு 234 மைல். அதே பணத்தில் குடும்பஸ்தர் ஒருவர் டொயோட்டா சியெனா ஹைப்ரிடை வாங்கிவிட்டு மிச்சமும் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் ஹனோவரில் தயாராவதால் 2025 ஏப்ரலில் வந்த இறக்குமதி வரி முழுசாக அதன் தலையில் விழுந்தது. 2026 மாடலை அமெரிக்காவுக்கு விடவில்லை.

ஸ்கார்பரோவிலிருந்து: இந்த வரிச் சண்டையில் கனடாவில் இருக்கிற எங்களுக்கு என்ன ஆகும்?

எந்த மாடல் எங்கே தயாராகிறது என்று பாருங்கள். அட்லஸ் டென்னசியில், ஜெட்டா, டாவோஸ், டிகுவான் மெக்சிகோவின் புவெப்லாவில், கோல்ஃப் ஜிடிஐ ஜெர்மனியில். அமெரிக்கா 2025 ஏப்ரலில் இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ஐரோப்பாவோடு பேசி ஆகஸ்டில் மொத்தம் 15க்கு இறக்கினார்கள். மெக்சிகோ வண்டிகள் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்று நாட்டு வர்த்தக ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்டிருந்தால், அவற்றிலுள்ள அமெரிக்கப் பாகங்களின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி. இது எல்லாம் அமெரிக்காவில் வாங்குகிறவருக்கு. கனடா பதிலுக்கு அமெரிக்காவில் தயாரான வண்டிகள் மேல் வரி போட்டதால், உங்களுக்குச் சிக்கலானது அட்லஸ்.

பெரிய அடி ஆடிக்கும் போர்ஷேக்கும். அவர்களுக்கு அமெரிக்காவில் ஆலையே கிடையாது. பிஎம்டபிள்யூ 1994இலேயே தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது, மெர்சிடிஸ் 1997இல் அலபாமாவில். 2025இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் வரியால் 130 கோடி யூரோ செலவு என்று குழுமமே கணக்குக் காட்டியது.

ஒன்று மறந்துவிட்டேன்: உங்கள் ஒன்டாரியோவில், செயின்ட் தாமஸ் நகரில், இவர்களுடைய பேட்டரி ஆலை வருகிறது. 2023இல் அறிவித்தது. கனடா அரசுகள் கொடுப்பதாகச் சொன்ன உதவி மிகப் பெரியது.

சான் ஹோசேயிலிருந்து: மின்சார எஸ்யூவியான ஐடி.4ஐ வாங்கலாமா? விலை நிறைய குறைத்திருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அமைதியான, இடவசதியான வண்டி. சட்டனூகாவில் 2022இல் தயாரிப்பு ஆரம்பமானது. ஆனால் 2024இல் கதவுக் கைப்பிடிக்குள் தண்ணீர் இறங்கி, ஓடும்போது கதவு திறந்துகொள்ளும் அபாயம் என்று சுமார் 98,000 வண்டிகளைத் திரும்ப அழைத்து, விற்பனையையும் மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். 2025 செப்டம்பர் 30உடன் மின்கார் வாங்குவோருக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் முடிந்தது, அடுத்த மாதமே உற்பத்தியை நிறுத்திவைத்தார்கள். தொட்டுத் தடவுகிற ஸ்டீயரிங் பொத்தான்கள் எனக்குப் பிடிக்கவில்லை, இனி நிஜப் பொத்தான்களுக்குத் திரும்புவதாகக் கம்பெனியும் சொல்லிவிட்டது. குத்தகைக்கு நல்ல விலை கிடைத்தால் எடுங்கள். சொந்தமாக வாங்கினால் மறுவிற்பனை மதிப்பு கையைக் கடிக்கும்.

ஷார்லட்டிலிருந்து: ஸ்கவுட் பற்றிச் சொல்லுங்கள். வரப்போவது நிஜமா?

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1980 வரை செய்த பழைய ஜீப் மாதிரி வண்டி அது. குழுமத்தின் லாரிப் பிரிவு 2021இல் ஹார்வெஸ்டரின் வாரிசுக் கம்பெனியான நாவிஸ்டாரை வாங்கியபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது. உங்களுக்குப் பக்கத்தில், தென் கரோலினாவின் பிளைத்வுட்டில் 200 கோடி டாலரில் ஆலை கட்டுகிறார்கள். ஒரு பிக்கப், ஒரு எஸ்யூவி. முழு மின்சாரம் என்று ஆரம்பித்து, பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு பெட்ரோல் எஞ்சினையும் விருப்பமாகச் சேர்த்தார்கள். முன்பதிவு செய்தவர்களில் பெரும்பாலானோர் அதைத்தான் கேட்டார்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது வண்டியைவிட ஏற்பாடு. வடிவமைப்பு இங்கே, ஆலை இங்கே, ஃபோக்ஸ்வேகன் சின்னம் எங்கும் கிடையாது. பயம் தருவது இரண்டு. டீலர்களைத் தாண்டி நேரடியாக விற்போம் என்றதால் சொந்த டீலர்களே வழக்குக்குப் போயிருக்கிறார்கள். அடுத்தது மென்பொருள்: சொந்தமாக எழுதி முடியாமல்தான் ரிவியன் என்ற அமெரிக்க மின்கார் கம்பெனியோடு 580 கோடி டாலர் வரை கூட்டு வைத்தார்கள்.

நாஷ்வில்லிலிருந்து: அப்படியானால் அடுத்த ஐந்து ஆண்டில் வளருமா, கிளம்பிவிடுமா?

கிளம்பாது. பிரெஞ்சுக் கம்பெனிகளில் பூஷோ 1991இல் கிளம்பியது, ரெனோ அதற்கு முன்பே அமெரிக்கன் மோட்டார்ஸைக் கிறைஸ்லரிடம் விற்றுவிட்டுப் போனது. இவர்களுக்கு இங்கே ஆலை, டீலர்கள், 2024இல் 73 சதவீத வாக்கோடு தொழிற்சங்கத்தில் சேர்ந்த சட்டனூகாத் தொழிலாளர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அட்லஸும் டிகுவானும் சோறு போடுகின்றன. நான் கவனிக்கப்போவது ஒன்றைத்தான்: அந்த இரண்டுக்கும் நல்ல ஹைப்ரிட் எப்போது வருகிறது? இரண்டு ஆண்டுக்குள் வந்தால் வளர்ச்சி உண்டு. அதையும் ஐரோப்பாவில் முதலில் விற்றுவிட்டு அனுப்பினால் இதே 4 சதவீதத்தில்தான் கிடக்கும்.

மார்க்கம், ஒன்டாரியோவிலிருந்து: அண்ணா, நேரடியாகக் கேட்கிறேன். பழைய ஜெட்டா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கவா?

ஆட்டோமேட்டிக்கா, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸா என்று முதலில் பாருங்கள். இரட்டை கிளட்ச் என்றால், அதுவும் எண்ணெயில் மூழ்கிய வகை என்றால், சுமார் 64,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் எண்ணெய் மாற்றிய ரசீது வேண்டும். கூலன்ட் கசிவு இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், வாட்டர் பம்ப் இவற்றில் பழைய நோய். குளிர்காலத்தில் பனிக்காக உப்புத் தூவுகிற ரோட்டில் ஓடிய வண்டி, அடித்தகட்டில் துரு பாருங்கள். ரசீது இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் விட்டுவிடுங்கள் தம்பி. டொராண்டோ பக்கம் ஜெட்டாவுக்குப் பஞ்சமில்லை.