வாசகர் கேள்வி: குழந்தைகளை விற்கச் சொன்னவர் யார்?

கேள்வி: என் மகள் காரைக்குடியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதிய 'எ மாடஸ்ட் ப்ரபோசல்' பாடத்தில் இருக்கிறது. ஏழைக் குழந்தைகளை ஒரு வயதானதும் கறிக்கு விற்கலாம் என்கிறது. எழுதியவர் ஒரு பாதிரியாராம்! இதைப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கலாமா?
ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, படித்ததும் உங்களுக்குக் குமட்டியிருக்கும். 1729இல் ஸ்விஃப்ட் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அதில் 'நான்' என்று பேசுகிறவர் ஸ்விஃப்ட் இல்லை. அவர் பேர் போடாமல் வெளியிட்ட அந்தச் சிறு நூலில் பேசுவது அவர் கற்பனை செய்த ஒரு திட்டக்காரர், கணக்கில் கெட்டி, மனசில் ஈரமில்லாதவர். அயர்லாந்தில் வருஷத்துக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள், இனப்பெருக்கத்துக்கு 20,000 ஒதுக்கு, மீதி 1,00,000 விற்பனைக்கு, தலைக்குப் பத்து ஷில்லிங் என்று, பெட்டியடியில் உட்கார்ந்து ஐந்தொகை எடுப்பதுபோல நிதானமாக எழுதிக்கொண்டே போவார், குரலே உயராது. அந்தக் காலத்தில் வறுமைக்கு வழி சொல்ல வந்தவர்கள் பலரும் மனிதர்களை இப்படி வெறும் எண்ணாகத்தான் எழுதினார்கள்.

நடுவில் ஒரு இடம் வரும். இந்தக் கறி நிலக்காரர்களுக்குத்தான் பொருத்தம், பெற்றோரில் பெரும்பாலோரை அவர்கள் ஏற்கெனவே தின்றுவிட்டார்களே என்பார். அயர்லாந்துக் குத்தகைப் பணம் அப்போது இங்கிலாந்தில் உட்கார்ந்திருந்த நிலக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில், ஊரில் இல்லாத நிலக்காரருக்கு வரி போடுவது, உள்நாட்டுச் சரக்கையே வாங்குவது என்று வரிசையாகச் சொல்லி, இந்தப் பேச்செல்லாம் என்னிடம் வேண்டாம் என்று தள்ளிவிடுவார். ஸ்விஃப்ட் உண்மையில் கேட்டது அந்த வரிசையைத்தான். 1720லேயே உள்நாட்டுத் துணியை உடுத்துங்கள் என்று நேரடியாக எழுதிப் பார்த்தார், அச்சிட்டவர் மேல் வழக்கு வந்ததுதான் மிச்சம்.

இந்த முறை நமக்கும் தெரிந்ததே, வஞ்சப்புகழ்ச்சி. 'தேவர் அனையர் கயவர்' என்று வள்ளுவர் புகழ்வதுபோல ஆரம்பிப்பார், அடுத்த அடியில்தான் காரணம் வரும்: இரண்டு பேருமே நினைத்ததைச் செய்கிறவர்கள்.

1759இல் வோல்ட்டேர் எழுதிய 'கேண்டிட்' கதையையும் மகள் சேர்த்துப் படிக்கட்டும். உலகில் எல்லாம் நல்லதற்கே என்று குருவிடம் பாடம் கேட்டவன் கேண்டிட். அவன் தென் அமெரிக்காவின் சூரினாமில் ஒரு கையும் ஒரு காலும் இல்லாத அடிமையைப் பார்க்கிறான். ஆலையில் விரல் மாட்டினால் கையை வெட்டுவார்கள், தப்பி ஓடினால் காலை வெட்டுவார்கள், நீங்கள் ஐரோப்பாவில் சர்க்கரை சாப்பிடுவது இந்த விலையில்தான் என்கிறான் அவன். எனக்கு அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் தாண்ட முடியவில்லை. என் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனை அடைக்க முடியாத கீழ்ப்பர்மா விவசாயிகளின் நெல்வயல்கள் ஏராளமாக நம்மவர், நகரத்தார், நடத்திய வட்டிக் கடைகளின் கைக்கு வந்தன. பேரேட்டில் அது சொத்துக் கணக்கில் ஏறும். நிலம் போனவன் வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. எங்கள் வளவில் நிற்கிற பர்மாத் தேக்குத் தூணைப் பார்த்தால் இப்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

பாடத்தை எடுத்துவிடச் சொல்லாதீர்கள் ஆச்சி. அந்தத் திட்டக்காரர் வேண்டாம் என்று தள்ளுகிற வரிசையை மகளை முதலில் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் ஆரம்பத்திலிருந்து படியுங்கள்.