சின்னப் பிள்ளைகளோடு சுகர்ரமுர்தி குகைக்கு நடந்து போக முடியுமா?

தாராளமாகப் போகலாம். ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய சின்ன பாஸ்க் கிராமம் சுகர்ரமுர்தி, அங்கிருந்து குகை சில நிமிட நடைதான். பிள்ளைகள் நன்றாக நடப்பார்கள் என்றால் பிரான்ஸ் பக்கம் இருக்கும் சாரே குகையிலிருந்தே கிளம்புங்கள், சுமார் 3 கிலோமீட்டர், வழி நெடுக நீல மட்டக்குதிரை அடையாளம் இருக்கும், அதைத் தேடிக்கொண்டே நடப்பதில் எங்கள் மகளுக்குக் கால் வலியே தெரியவில்லை.

குகை என்றதும் இருட்டுப் பொந்தை நினைக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறையை ஓடை அறுத்து அறுத்து உண்டாக்கிய சுரங்கம் இது, நீளம் ஏறக்குறைய 120 மீட்டர், இரண்டு முனையும் திறந்திருப்பதால் நல்ல வெளிச்சம். அந்த ஓடை இன்னும் உள்ளேயே ஓடுகிறது. பெயர் இன்ஃபெர்னுகோ எர்ரெகா, அதாவது நரக ஓடை. ஈரக்கல் வழுக்கும், பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.

அப்புறம், சூனியக்காரிகள் கதையைப் பிள்ளைகள் கேட்பார்கள். மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். இந்தக் குகையில் கூடிச் சூனியம் செய்தார்கள் என்று சொல்லி, இன்க்விசிஷன் என்ற கத்தோலிக்கச் சபையின் விசாரணை மன்றத்தார் இந்தப் பக்கத்து ஆட்களைப் பிடித்துப்போய், 1610 நவம்பரில் லொக்ரோஞோ நகரில் 6 பேரை உயிரோடு எரித்தார்கள், சிறையிலேயே செத்துப்போன 5 பேருக்கு உருவ பொம்மை செய்து எரித்தார்கள். விசாரித்தவர்களில் ஒருவரான அலொன்சோ டி சலசார் பிறகு ஊர் ஊராகப் போய் வாக்குமூலங்களைச் சரிபார்த்து, ஆதாரம் ஒன்றுமே இல்லை என்று எழுதினார். என் மகள் இந்த இடத்தில்தான் நிறைய கேள்வி கேட்டாள்.