சூடானால் நிற்கும் கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, முப்பது வருஷத்துக்கு மேல் ஆன இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் போன வருஷம் வாங்கினேன். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. முக்கால் மணி நேரம் ஓடினால் பட்டென்று ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. ஃப்யூவல் பம்ப், பிளக், பிளக் ஒயர் எல்லாம் மாற்றியாயிற்று. அடுத்து கம்ப்யூட்டர் பாக்ஸை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு எதையுமே மாற்றாதீர்கள். சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உலோகம் சூட்டில் விரியும். எங்கேயோ மயிரிழை அளவுக்கு விரிசல் விட்ட இணைப்பு ஒன்று சூட்டில் பிரிகிறது, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

என் காரும் 1980களின் கடைசியில் வந்ததுதான். பதினோரு வருஷமாக வைத்திருக்கிறேன். முதல் வருஷம் இதே தொல்லை. நானும் உங்களைப் போலத்தான் பம்பை மாற்றினேன், அதுவும் இரண்டு தடவை. கடைசியில் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த பம்ப் ரிலேயைக் கழற்றினேன். பம்புக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச் அது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மூடியை நெம்பி எடுத்து, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த புள்ளிகள் எல்லாம் பளபளவென்று இருக்க, ஒன்றே ஒன்றைச் சுற்றி மட்டும் மோதிரம்போல் மெல்லிய கறுப்புக் கோடு. அந்தப் புள்ளியில் நிற்கும் உலோகக் காலைத் தொட்டு லேசாக அசைத்தால் அந்த வளையத்துக்குள்ளேயே கால் ஆடியது. அந்தப் புள்ளியை உருக்கி, புதிதாகச் சால்டர் வைத்தேன். அந்தக் கோளாறு அதற்கப்புறம் திரும்பி வரவே இல்லை. இருந்தாலும் புது ரிலே ஒன்று கிளவ் பாக்ஸில் எப்போதும் இருக்கிறது.

உங்கள் காரிலும் ரிலேதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரும் இதேபோல் சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பெறும். எது என்று கண்டுபிடிக்க வேண்டிய நேரம், கார் நின்ற அந்த முதல் ஐந்து நிமிடம். ஆறிவிட்டால் தடயம் போய்விடும். ஓரம் கட்டியதும் சாவியைத் திருப்பி, பம்ப் முனகுகிறதா என்று காது கொடுங்கள். எல்லாக் கார்களிலும் இல்லாவிட்டாலும் பல கார்களில் இரண்டு விநாடி முனகும். பிறகு செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம் மீட்டரைப் பாருங்கள். பல கார்களில், சென்சார் சிக்னல் கொடுத்தால் முள் லேசாகத் துள்ளும். அசையாமல் படுத்தே கிடந்தால் சென்சார் மேல் சந்தேகம் போகட்டும். முள் துள்ளி, பம்ப் மட்டும் ஊமையாக இருந்தால், ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ரிலேயை மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் கிளம்பினால் இடம் தெரிந்துவிட்டது. ஸ்பார்க் பார்க்க அதற்கென்றே உள்ள ஸ்பார்க் டெஸ்டரை வையுங்கள். பிளக் ஒயரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், அந்த வோல்டேஜ் ஆபத்தானது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகம் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது. ஒரு நோட்டுப் போடுங்கள். நின்ற தேதி, எத்தனை நிமிடம் ஓடியது, வெயிலா மழையா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது எல்லாம் அதில் ஏறட்டும். என் நோட்டில் கால் டேங்குக்குக் கீழே நின்றதாக மூன்று வரி சேர்ந்த பிறகுதான் டேங்குக்குள் வடிகட்டி அடைத்திருந்தது பிடிபட்டது. அது வேறொரு வருஷத்துக் கதை.

கேள்வி: ஸ்டார்ட் செய்ததும் உள்ளே பெட்ரோல் வாடை வருகிறது. "பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லவே இல்லை. இதைப் படித்த பிறகு அந்தக் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்களைச் செய்யவில்லை. உள்பக்கம் உப்பி, வெளிப்பக்கம் வெடித்து, வளைவுகளில் கசிய ஆரம்பிக்கும். இன்ஜெக்ஷன் கார்களில் அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் அழுத்தத்தோடு ஓடுகிறது. அதற்குக் கையெட்டும் தூரத்தில் எக்ஸாஸ்ட் தகிக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் எரிந்து போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ஹோஸையும், கிளாம்ப்போடு சேர்த்து, எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும். தீயணைப்பான் ஒன்றைச் சீட்டுக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். டிக்கிக்குள் போட்டு வைத்தால் அவசரத்துக்கு உதவாது.

கேள்வி: ஒரே மாடலில் இரண்டு கார் பார்த்திருக்கிறேன். ஒன்று 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது, எட்டு வருஷமாக ஷெட்டில் மூடியே இருக்கிறது. இன்னொன்று 1,80,000 ஓடியது, ஆனால் ஒரு கட்டு சர்வீஸ் பில்லோடு வருகிறது. மனசு முதல் காரிலேயே நிற்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: நானாக இருந்தால் பில் கட்டோடு வரும் காரை எடுப்பேன், யோசிக்காமல்.

ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். எட்டு வருஷம் நின்ற காரில் ஆயில் சீல் காய்ந்திருக்கும், கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கலாம், பிரேக் காலிப்பருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் அது கொதித்தால் மிதி தரையில் போய் ஒட்டும். டயரின் பட்டன் எல்லாம் புதிதுபோல் இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. அந்த டயரில் வேகம் போக நான் துணிய மாட்டேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம் டைமிங் பெல்ட், வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் இயங்க வைக்கும் பெல்ட். அதற்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருஷக் கணக்கும் உண்டு. அறுந்தால் என்ன ஆகும் என்பது எஞ்சினைப் பொறுத்தது. 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.6 லிட்டர் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. வண்டி நிற்கும், புது பெல்ட் போட்டால் ஓடும். 1982-ல் வந்த போர்ஷே 944இன் எஞ்சினில் மோதும், வால்வுகள் வளைந்துவிடும், எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். நீங்கள் பார்க்கும் மாடல் இதில் எந்த வகை என்று முதலில் விசாரியுங்கள். பெல்ட் மாற்றியதற்குத் தேதியோடு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மனசு முதல் காரை விடவே இல்லையென்றால், வாங்குங்கள். ஆனால் பெல்ட், ஹோஸ், டயர், பிரேக் எல்லாம் புதிதாகும் வரை அதை ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பேட்டரி புதிதுதான்.

பதில்: காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரில் எத்தனை மில்லி ஆம்ப் இழுக்கிறது என்று பாருங்கள். 50-க்குள் இருந்தால் சரி. அந்த 50-மே ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப் அவர். இருபது நாளில் அது 24 ஆகிவிடும். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 45 ஆம்ப் அவர் என்றால், பாதிக்கு மேல் போய்விட்டது. அப்படியானால் காரில் கோளாறே இல்லை, வாரம் ஒருமுறை ஓட்டுங்கள், அல்லது பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் மாட்டிவிடுங்கள். அதைவிட அதிகமாக இழுத்தால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் இறங்குகிறது என்று பாருங்கள். டிக்கி விளக்கு அணையாமல் எரிவது அடிக்கடி நடக்கும். போனில் வீடியோ ரெக்கார்டிங்கை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: கார் என் கணவருடையது. போன மாதம் இருட்டில், பத்து வயது மகளும் நானும் உள்ளே இருக்கும்போது, நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. அன்றிலிருந்து நான் அதில் ஏறுவதில்லை. அவருக்கு வருத்தம். நான் செய்வது தப்பா?

பதில்: தப்பே இல்லை அம்மா. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். வழியில் நிற்பதை ஓட்டுபவர் அனுபவம் என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பயம் மட்டும்தான்.

ஓடும்போது எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று இருவருமே தெரிந்துகொள்ளுங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு, இருக்கிற வேகத்திலேயே ஓரத்துக்கு உருட்டிவிட வேண்டும். மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்கு வாக்குவம் மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல் ஒரே அழுத்தாக மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும், பலமாகத் திருப்பினால் திரும்பும். உருளும்போது சாவியை மட்டும் எடுக்கவே கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் மகளை ரோட்டுப் பக்கம் இல்லாத கதவு வழியாக இறக்கி, காரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். உள்ளே உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கு: முதல் கேள்விக்கு எழுதிய பதில் உங்களுக்கும்தான். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். அதற்கப்புறம், நிற்கும் என்று நீங்கள் பயப்படுகிற வெயிலிலும் நெரிசலிலும் பத்துப் பன்னிரண்டு தடவை தனியாகப் பகலில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி, அந்த நோட்டை உங்கள் மனைவி கையில் கொடுங்கள். ஏறுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும்.