பெரிய விதையைப் பொறுக்கினால் காய்ப்பு கூடுமா?

கேள்வி: என்னிடம் உள்ள நாட்டு பீன்ஸ் விதையில் கறுப்பு, பழுப்பு, புள்ளி போட்டது எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒவ்வொரு பருவமும் பெரிய விதையாகப் பொறுக்கித்தான் விதைக்கிறேன். காய்ப்பு மட்டும் கூடவே இல்லை. விதை வலுவிழந்துவிட்டதா? புது ரகத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: தாராளமாக மாறுங்கள். ஆனால் இந்த விதையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கோளாறு விதையில் இல்லை, பொறுக்குவதில்தான்.

பீன்ஸ் பூ பெரும்பாலும் விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். அதனால் ஒரு செடியின் விதைகள் எல்லாம் மரபில் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றில் ஒன்று பெருத்தும் இன்னொன்று சிறுத்தும் இருப்பது கிடைத்த சத்தைப் பொறுத்தது. டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-இல் இதை பீன்ஸிலேயே காட்டினார். ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெரிதைப் போட்டாலும் சிறிதைப் போட்டாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை மாறவில்லை. வேறு வேறு செடிகளின் வழிகளுக்கு, அதாவது வம்சங்களுக்கு, இடையே மட்டும் வித்தியாசம் நிலைத்தது.

உங்களுடையதோ பல வழிகள் சேர்ந்த கலவை. பெரிதையே பொறுக்கிக்கொண்டிருந்தால் சின்ன விதை வழிகள் மெல்ல மெல்லக் காணாமல் போகும், அவ்வளவுதான். விதை பெரிதாக இருந்தால் மகசூல் கூடும் என்பதும் இல்லை. மத்திய அமெரிக்க மரபைச் சேர்ந்த சிறு விதை பீன்ஸ்தான், ஆண்டிஸ் மலைப்பகுதி மரபின் பெரு விதை பீன்ஸைவிடப் பொதுவாக அதிகம் விளையும்.

புது ரகம் உருவாக்குபவர்கள் இத்தகைய கலவையைத் தேடுவது, அதில் ஒவ்வொரு வழிக்கும் ஒரு குணம் இருப்பதால்தான். ஒரு வழி சீக்கிரம் பூத்து வறட்சிக்கு முன்பே முற்றிவிடும், இன்னொன்று துருநோயைத் தாங்கும். எல்லாமே நாட்டு ரகத்தில் கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சேமித்த விதையைத் துளைக்கும் ஒருவகை வண்டைத் தடுக்கும் ஆர்சலின் என்ற புரதம் மெக்சிகோவின் காட்டு பீன்ஸில்தான் அகப்பட்டது.

சரி, என்ன செய்யலாம்? நிறம், வடிவம், விதைக் கண்ணை (காயோடு ஒட்டியிருந்த தழும்பை) சுற்றியுள்ள வளையம் பார்த்துப் பிரித்து, வகைக்கு ஒரு வரிசை போடுங்கள். முதல் பூ எப்போது, கொடியா குத்துச்செடியா, எது நோயில் விழுந்தது என்று குறித்து வையுங்கள். நல்ல செடியின் விதையைத் தனி உறையில் போடுங்கள். ஒரே நிற வரிசைக்குள்ளேயே சில செடி முந்தியும் சில பிந்தியும் பூத்தால், அதை இன்னொரு முறை பிரிக்க வேண்டியிருக்கும்.