முதல் புத்தகம் வந்துவிட்டது, இனி படிப்பு என்ன ஆகும்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதமும் மகளின் புத்தகமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் புத்தகத்தை முதலில் படித்து முடித்தேன். அதன் பிறகு மீதிக் கடிதத்தைப் படித்தபோது உங்கள் கவலை இன்னும் நன்றாகப் புரிந்தது. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு, இரண்டு அரியர். இதற்கிடையில் முதல் கிராஃபிக் நாவலுக்கு, அதாவது புத்தக நீளப் படக்கதைக்கு, புதுமுகப் படைப்பாளி விருது. கையோடு அடுத்த புத்தகத்துக்கு ஒப்பந்தம். அப்புறம், ‘கல்லூரியை விட்டுவிடுகிறேன்’ என்ற பேச்சு. எல்லாம் ஒரே மாதத்தில். எந்தத் தாய்க்கும் தூக்கம் போகத்தான் செய்யும்.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அவள் செய்து முடித்திருப்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விருது என்ற சொல் அதைக் கொஞ்சம் மறைத்துவிடுகிறது.

61ஆம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மருத்துவமனை நடைபாதையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். ஆறு கட்டங்கள். ஆறிலும் அதே நாற்காலி, அதே சுவர், அதே கோணம். முதல் கட்டத்தில் அவள் கால்கள் தரையைத் தொடாமல் ஆடுகின்றன. மூன்றாவதில் ஒரு செருப்பு கழன்று கீழே கிடக்கிறது. ஐந்தாவதில் நாற்காலி காலி, செருப்பு மட்டும் இருக்கிறது. ஆறாவதில் செருப்பும் இல்லை. ஒரு வரி வசனம் கிடையாது. அவளை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். 61 வலப்பக்கம், அம்மா. விரித்து வைத்த புத்தகத்தில் வாசகரின் கண் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடும். மறைத்து வைக்க நினைப்பதை வலப்பக்கத்துக் கடைசிக் கட்டத்துக்குப் பின்னால்தான் மறைக்க முடியும். அந்தக் காட்சி சரியாக அங்கே வந்து விழுவதற்காக முன்னால் உள்ள எத்தனையோ பக்கங்களை அவள் கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்க வேண்டும். கை நன்றாக இருந்தால் மட்டும் இது வராது. கதையை மொத்தமாகத் தலையில் வைத்திருக்கத் தெரிந்தவளுக்குத்தான் வரும்.

மொத்தம் 144 பக்கம். அச்சுக் கணக்கில், 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் ஒன்பது ஃபாரம். ஒவ்வொரு பக்கத்துக்கும் முதலில் எழுத்து, பிறகு உள்ளங்கை அளவில் ஒரு முன்வரைவு, பென்சில், மை, வசன எழுத்து, வண்ணம். பள்ளியில் படிக்கும்போதே ஒரு விடுமுறையில் தொடங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒரு பக்கம், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல். நன்றாக வரையத் தெரிந்த பிள்ளைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள். இருபது பக்கம் வரைந்துவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவார்கள். முடித்துக் கொடுப்பவர்கள் மிகவும் குறைவு. பதிப்பாசிரியர்கள் முதலில் தேடுவதும் அந்தக் குணத்தைத்தான்.

சரி, பிழைப்புக்கு வருவோம்.

இந்த ஒரு புத்தகத்தை மட்டும் நம்பி, இப்போதே என்றால், முடியாது. பக்கத்து வேலைகளையும் சேர்த்துக்கொண்டு நான்கைந்து ஆண்டுகள் பொறுத்தால் முடியும். அவளால் முடியும் என்றே நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும், அவளும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜீன் லூயன் யாங் என்ற அமெரிக்கப் படைப்பாளியைப் பற்றி அவளே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். உங்கள் மகளைப் போலவே கல்லூரியில் கணினி அறிவியல் படித்தவர். 2006ல் வெளிவந்த அவருடைய கிராஃபிக் நாவல், அந்நாட்டின் தேசிய புத்தக விருது இறுதிப் பட்டியலுக்கு வந்த முதல் கிராஃபிக் நாவல். மறு ஆண்டு, இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதும் கிடைத்தது. அவ்வளவுக்குப் பிறகும் அவர் உயர்நிலைப் பள்ளி வேலையை உடனே விடவில்லை. மொத்தம் 17 ஆண்டுகள் அந்தப் பள்ளியில் இருந்துவிட்டு 2015ல்தான் வெளியே வந்தார். ஆர்ட் ஸ்பீகல்மன் 1992ல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றவர். தன் தந்தையின் வதைமுகாம் நினைவுகளைப் படக்கதையாக்க அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் வீட்டுச் செலவுக்கு உதவியது, டாப்ஸ் என்ற சூயிங்கம் நிறுவனத்துக்கு அட்டைகளும் ஸ்டிக்கர்களும் வடிவமைத்துக் கொடுத்த வேலை. பெரிய பெயர்களைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நினைக்கவில்லை. வேறொரு வேலை பார்த்துக்கொண்டே வரைவது இந்தத் துறையில் தோல்வியின் அடையாளம் இல்லை என்பதை உங்கள் மகள் உணர வேண்டும். அவள் வயதில் அது ஓர் அவமானமாகத் தோன்றும்.

பணம் எப்படி வரும் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்பகம் முன்பணம் கொடுக்கும். அது பெரும்பாலும் தவணையாக வரும்: கையெழுத்துப் போடும்போது கொஞ்சம், எழுத்துப் பிரதி கொடுத்ததும் கொஞ்சம், முழுப் படங்களும் ஒப்படைத்த பிறகு மீதி. புத்தகம் விற்க விற்க ராயல்டி, அதாவது விற்பனையில் படைப்பாளிக்குரிய பங்கு, கணக்கில் ஏறும். முன்பணம் முழுதும் கழிந்த பிறகுதான் புதிதாகப் பணம் கைக்கு வரும். ராயல்டி அட்டை விலையில் கணக்கிடப்படுகிறதா, பதிப்பகத்துக்கு வந்து சேரும் தொகையில் கணக்கிடப்படுகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். சதவீதம் ஒன்றாகவே இருந்தாலும் கைக்கு வருவது வேறு வேறு.

அந்த இரண்டாவது ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்திருந்தீர்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கும் கொஞ்சம் கவலை வந்தது. 160 பக்கம், பன்னிரண்டு மாதம். வாரத்துக்கு ஒரு பக்கம் என்ற வேகத்தில் வரைந்தவள், மூன்று மடங்குக்கு மேல் வேகம் பிடிக்க வேண்டும். கல்லூரியை விடுகிறேன் என்று அவள் சொல்வதற்குக் காரணம் இந்தத் தேதியாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. கலை மீது வந்த ஆவேசம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்திருக்கிறாள்.

தேதியை மாற்றக் கேட்கலாம். புதுப் படைப்பாளிகளுக்கு இது தெரிவதே இல்லை. கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று நினைக்கிறார்கள். நல்ல பதிப்பாசிரியர், மோசமான புத்தகம் சீக்கிரம் வருவதைவிட நல்ல புத்தகம் தாமதமாக வருவதையே விரும்புவார். எமில் ஃபெரிஸ் என்ற பெண்மணியின் முதல் கிராஃபிக் நாவல் 2017ல் வந்தபோது அவருக்கு 55 வயது. நாற்பதாவது வயதில் வந்த காய்ச்சலில் கை கால் செயலிழந்து, மறுபடி பேனா பிடிக்கப் பழகி வரைந்தவர். அடுத்த ஆண்டே, படக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் கிடைத்தன. அவருடைய இரண்டாம் பாகம் வந்தது 2024ல். ஏழு ஆண்டுகள், வாசகர்கள் காத்திருந்தார்கள். உங்கள் மகளுக்கு ஏழு வேண்டாம், இரண்டரை ஆண்டுகள் கேட்கட்டும். அதற்குள் பட்டமும் வந்துவிடும்.

ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று, திரைப்படம், அனிமேஷன், பொம்மை, ஆடை என்று எல்லா உரிமைகளையும் பதிப்பகத்துக்கே கொடுக்கும் பிரிவு. இன்னொன்று, அவளுடைய அடுத்த மூன்று படைப்புகளையும் முதலில் அவர்களிடமே காட்ட வேண்டும் என்பது. 1938ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற 23 வயது இளைஞர்கள் இருவர், சூப்பர்மேன் என்ற தங்கள் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். உலகமே அந்தப் பாத்திரத்தைக் கொண்டாடியது. அவர்கள் இருவரும் பல ஆண்டுகள் வறுமையில் இருந்தார்கள். 1975ல், அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான், பலர் குரல் கொடுத்து அவர்களுக்கு ஓர் ஆண்டுத் தொகையும் படைப்பாளிகள் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. ஆகவே கையெழுத்துக்கு முன் பதிப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். படைப்பாளிக்காகப் பதிப்பகத்தோடு பேசும் முகவர் வைத்துக்கொண்டால், வரும் பணத்தில் வழக்கமாக 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் முன்கூட்டியே பணம் கேட்கும் முகவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

பக்கத்து வேலைகள் என்றேனே, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். திரைப்படத்துக்கும் விளம்பரத்துக்கும் ஸ்டோரிபோர்டு (எடுக்கப்போகும் காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து காட்டும் படங்கள்) வரைவது, கணினி விளையாட்டுகளுக்குப் பின்னணிக் காட்சிகள், சிறுவர் நூல்களுக்குப் படம், மற்றவர்களின் படக்கதைகளுக்கு வண்ணமும் வசன எழுத்தும். மருத்துவத் தகவல்களை நோயாளிகளுக்குப் படக்கதையாகச் சொல்லும் துறை ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த 61ஆம் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அவளுடைய கணினி அறிவும் இங்கெல்லாம் வீண் போகாது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவனைச் சொல்ல வேண்டும். முதல் புத்தகத்துக்கு நல்ல பெயர். கல்லூரியை விட்டுவிட்டு முழு நேரமும் வரையப் போகிறேன் என்றான். அவன் உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லாமல் நானும் தலையாட்டினேன். ஓராண்டு கழித்து வந்தான். எட்டுப் பக்கம் மட்டும் கொண்டுவந்தான், எல்லாமே அழித்து அழித்துக் காகிதம் மெலிந்துபோனவை. கோடு போடும்போதெல்லாம் நடுவர்கள் பின்னால் நின்று பார்ப்பது போல இருக்கிறது என்றான். முழு நாளும் கையில் இருந்தது. அந்த நாளை வேறு எதில் செலவிடுவது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு ஸ்டூடியோவில் வாரத்துக்கு மூன்று நாள் வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனான். அங்கே போன பிறகுதான் மெல்ல மெல்லக் கை திரும்பியது. அவனை அன்று தடுத்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் யோசனை இதுதான். மீதமுள்ள மூன்று செமஸ்டர்களை முடிக்கட்டும். முதல் செமஸ்டரில் அரியரை மட்டும் பார்க்கட்டும். புத்தகத்துக்கு எழுத்தும் முன்வரைவும் போதும், மை தொட வேண்டாம். முன்வரைவு நோட்டைப் பேருந்தில்கூட வைத்துக்கொள்ளலாம். மைக்கு மேசையும் நீண்ட நேரமும் வேண்டும், அது விடுமுறைக்குப் பொருந்தும். எப்படியும் முடியவில்லை என்று அவள் சொன்னால், கல்லூரியில் ஓராண்டு இடைவெளி அனுமதி கேட்கலாம். விலகுவது வேறு, இடைவெளி வேறு. திரும்பி வரக் கதவு திறந்திருக்கும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. அவள் வரையும் இரண்டு மணி நேரத்தை யாரும் தொடக் கூடாது. ‘சும்மா படம்தானே வரைகிறாய், கொஞ்சம் வா’ என்று கூப்பிடாதீர்கள். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து கையை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். அவள் மணிக்கட்டில் பட்டி கட்டியிருந்ததாக நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை லேசாக விடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்தத் தொழிலில் பலருக்கு முதலில் கெடுவது மணிக்கட்டுதான்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒன்று இருந்தது. புத்தகத்தை நான்கு முறை படித்துவிட்டீர்கள், ஆனால் அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் படிப்பை விட்டுவிடுவாள் என்று பயம். சொல்லிவிடுங்கள் அம்மா. எந்தப் பக்கத்தில் கண் கலங்கியது என்றும் சொல்லுங்கள். நீங்கள் படித்ததே தெரியாமல் இருக்கும் பிள்ளையிடம், ‘பட்டத்தை முடி’ என்று நீங்கள் சொல்லும்போது அவள் காதில் ‘வரையாதே’ என்றுதான் விழும்.

ஒப்பந்தத்தில் இன்னும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். வருகிற வியாழக்கிழமை மாலை இருவரும் வாருங்கள். அவள் கல்லூரி மதிப்பெண் பட்டியலையும் இரண்டாவது கதையின் முன்வரைவு நோட்டையும் கொண்டுவரட்டும். முதல் பத்துப் பக்கத்தை வரைய எத்தனை நாள் ஆனது என்பதைத் தேதியோடு குறித்து வரச் சொல்லுங்கள். பதிப்பகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவோம்.